டேட்டாபேஸில் வேண்டியது இருக்கிறதா: அப்ளிகேஷன் தொடங்கும்போது எப்படிக் கேட்பது?

"போஸ்ட்கிரெஸ் 13 அல்லது அதற்கு மேல் தேவை." பல அப்ளிகேஷன்கள் டேட்டாபேஸிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் ரீட்மீயில் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் தேவை வேறு மாதிரி இருக்கும். பெயரைக் கொஞ்சம் தப்பாக அடித்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க டிரைகிராம் எக்ஸ்டென்ஷன் (சொற்களை மும்மூன்று எழுத்தாக உடைத்து ஒப்பிடும் கூடுதல் தொகுதி) வேண்டும். பட்டியலைத் தமிழ் அகரவரிசையில் காட்டச் சரியான கொலேஷன், அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி, வேண்டும். பின்னணி வேலைகளைப் பல வொர்க்கர்கள் மோதாமல் எடுக்க 'ஸ்கிப் லாக்டு' (இன்னொருவர் பூட்டிய வரியைத் தாண்டிப் போகும் வசதி) வேண்டும். இன்ன டேபிளில் எழுத அனுமதி வேண்டும். இந்த நான்கில் வெர்ஷன் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடியது ஸ்கிப் லாக்டு ஒன்றுதான். அதுவும் 2016இல் வந்த 9.5லேயே இருக்கிறது.

அப்ளிகேஷன் தொடங்கும்போதே இதையெல்லாம் சோதிக்க வேண்டுமா, எப்படி என்பதுதான் கேள்வி. ஒன்றும் செய்யாமல் விடலாம், வெர்ஷனைக் கேட்கலாம், கேட்டலாகில் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் குறிப்பு டேபிள்களில்) தேடலாம், செய்தே பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸை மையமாக வைத்து எழுதுகிறேன். மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூலைட்டும் வேறு பாடம் சொல்லும் இடங்களில் அவற்றுக்கும் போகலாம்.

சோதிக்காமல் விடுவது

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க மாட்டேன். ஒரே டீம், ஒரே டேட்டாபேஸ், டெஸ்ட் சூழலிலும் அதே இமேஜ் என்றால், இல்லாத வசதி டெஸ்டிலேயே கத்திவிடும். சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் அந்த வசதியைக் கேட்டால், டிப்ளாய் செய்து மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அப்புறம், உங்கள் மென்பொருளை வாடிக்கையாளர் தன் சர்வரில் தானே நிறுவுகிறார் என்றால், அங்கே என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

வெர்ஷனைக் கேட்பது

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். எழுத ஐந்து நிமிடம் போதும். போஸ்ட்கிரெஸில் வெர்ஷனை எழுத்தாக வாங்கிப் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். முழு எண்ணாகத் தரும் செட்டிங் தனியாக இருக்கிறது. 9.6 என்றால் 90600இல் தொடங்கும், 10 என்றால் 100000. எழுத்தாக ஒப்பிட்டவர்களுக்கு 2017இல் 10 வந்தபோது "10" என்பது "9.6"ஐ விடச் சிறியதாகிப் போனது.

ஃப்ரேம்வொர்க்குகள் செய்வதும் இதைத்தான். பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ 5.1க்குக் குறைந்தது போஸ்ட்கிரெஸ் 13, 5.2க்கு 14, அதற்குக் கீழே இருந்தால் இணைக்கும்போதே பிழை சொல்லி நின்றுவிடும். ரெயில்ஸும் அப்படியே. அவர்களுக்கு இது சரி. "இதற்குக் கீழே நாங்கள் டெஸ்ட் செய்யவில்லை, பொறுப்பும் ஏற்க மாட்டோம்" என்று ஒரு எல்லை போடுகிறார்கள், அதற்கு வெர்ஷன் எண் பொருத்தமானது. உங்கள் அப்ளிகேஷன் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியா என்பதுதான் சந்தேகம்.

எண் பொய் சொல்லும் இடங்களைப் பாருங்கள். அமேசான் ரெட்ஷிஃப்டிடம் வெர்ஷன் கேட்டால் போஸ்ட்கிரெஸ் 8.0.2 என்கிறது. காக்ரோச்டிபி போஸ்ட்கிரெஸின் புரோட்டோகாலைப் பேசுவதால், சர்வர் வெர்ஷன் கேட்டால் போஸ்ட்கிரெஸ் எண் ஒன்றைக் கொடுக்கும். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு எஞ்சின். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி ரொம்ப நாள் தன் உண்மையான வெர்ஷனுக்கு முன்னால் 5.5.5 என்று ஒட்டிக்கொண்டுதான் இணைப்பைத் தொடங்கியது. பழைய ரெப்ளிகேஷன் குழம்பக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சரி, அதை உரித்துவிட்டு 10.6 என்று படித்தால்? "மைஎஸ்க்யூஎல் 8க்கு மேல்" என்ற சோதனையில் 10.6 ஜம்மென்று தேறிவிடும். ஆனால் மரியாடிபியில் ஜேசான் என்பது நீள டெக்ஸ்ட் வகைக்கு இன்னொரு பெயர்தான். மைஎஸ்க்யூஎல்லில் அது தனி வகை. மறுபக்கம், சேர்த்த வரியை உடனே திருப்பித் தரும் 'இன்சர்ட் ரிட்டர்னிங்' மரியாடிபியில் 10.5இலிருந்து உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே எண்கோட்டில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

"இதற்கு மேல்" என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 15இல் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸில், பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொதுவான பெயர்வெளியில்) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய அனுமதி எடுக்கப்பட்டுவிட்டது. 14இல் ஓடிய அப்ளிகேஷன், இன்னும் புதிய வெர்ஷனில் அனுமதிப் பிழையோடு விழுகிறது. கீழ் எல்லையை மட்டும் பார்க்கும் சோதனைக்கு இது கண்ணிலேயே படாது.

ஆனாலும் வெர்ஷனைத் தூக்கி எறிய முடியாது. வரி இருந்தால் மாற்றி, இல்லாவிட்டால் சேர்க்கும் மெர்ஜ் கட்டளை போஸ்ட்கிரெஸ் 15இல் வந்தது. அது ஒரு இலக்கண வசதி. கேட்டலாகில் எந்த டேபிளிலும் "மெர்ஜ் தெரியும்" என்று எழுதியிருக்காது. இலக்கணத்துக்கு வெர்ஷன் எண்ணைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் முயன்று பார்க்கலாம். மற்ற எதற்கும் வெர்ஷனை நான் நம்புவதில்லை.

கேட்டலாகில் தேடுவது

ரேண்டம் யூயுஐடி (மோதாத அடையாள எண்) உருவாக்கும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து அது கூடவே வருகிறது. 12லும் பிஜிகிரிப்டோ எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அதே பெயரில் இருக்கும். "13 இருக்கிறதா" என்று கேட்டால், நன்றாக ஓடக்கூடிய 12ஐத் திருப்பி அனுப்புகிறீர்கள். "இந்தப் பெயரில், இந்த வகை உள்ளீட்டோடு ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா" என்று கேட்டால் இரண்டுக்கும் சரியான பதில் வரும். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே உதவி ஃபங்ஷன்கள் உண்டு: பெயரைக் கொடுத்தால் பொருளைத் தரும், இல்லாவிட்டால் பிழை வீசாமல் வெறுமையைத் தரும். முக்கியமாக, இவை உங்கள் இணைப்பின் தேடுபாதையை (எந்த ஸ்கீமாக்களில் பெயரைத் தேடுவது என்ற வரிசையை) மதிக்கின்றன. எக்ஸ்டென்ஷனை வேறொரு ஸ்கீமாவில் போட்டுவிட்டு "இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வழக்கமான கேஸ் இங்கேயே பிடிபடும்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வரின் டிஸ்க்கில் கோப்பாக இருப்பது ஒன்று. இந்த டேட்டாபேஸில் உருவாக்கப்பட்டிருப்பது இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் தனி என்பதை மறந்து, 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில் இருக்கும் டேட்டாபேஸில் உருவாக்கிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். மூன்றாவது, எந்த வெர்ஷனில் உருவாக்கப்பட்டது என்பது. வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷனில் ஹெச்என்எஸ்டபிள்யூ என்ற இண்டெக்ஸ் வகை 0.5.0இல்தான் வந்தது. சர்வரில் பேக்கேஜைப் புதுப்பித்திருப்பார்கள். டேட்டாபேஸுக்குள் எக்ஸ்டென்ஷனைப் புதுப்பிக்கும் கட்டளையை யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். இருக்கக்கூடியவை, இருப்பவை என்று இரண்டு கேட்டலாக்குகளையும் பார்த்தால் மூன்று நிலையும் தெரிந்துவிடும். "இல்லை" என்ற ஒரே வார்த்தைக்குப் பதிலாக "பேக்கேஜ் இருக்கிறது, உருவாக்கவில்லை" என்று சொல்ல முடிவது இரவில் போனை எடுப்பவருக்குப் பெரிய உதவி.

அனுமதிகளையும் இதே மாதிரி கேட்கலாம். டேபிளுக்கு, ஸ்கீமாவுக்கு, ஃபங்ஷனுக்கு என்று தனித்தனி ஃபங்ஷன்கள் ஆம், இல்லை என்று பதில் தரும். மேலே சொன்ன 15இன் பப்ளிக் ஸ்கீமா சிக்கல் இதில் ஒரு வரியில் மாட்டும்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. எழுதும் வேலை கிடையாது, ரெப்ளிகாவிலும் (படிக்க மட்டும் முடியும் நகலிலும்) ஓடும், ஒரே குவெரியில் எல்லாவற்றையும் தனித்தனிப் பத்திகளாக (காலம்களாக) கேட்டு வாங்கலாம். அப்படி ஒன்றாகக் கேட்பது நல்லது. முதல் குறையைக் கண்டதும் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டி, அடுத்த குறையைக் கண்டு என்று நிறுவுகிறவர் வெறுத்துப்போவார்.

ஜாவாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவாவில் டேட்டாபேஸோடு பேச உதவும் ஜேடிபிசியின் மெட்டாடேட்டாவில் "சேவ்பாயிண்ட் உண்டா, டிரான்சாக்ஷன் உண்டா" என்று கேட்க நீளமான பட்டியலே இருக்கிறது. அந்தப் பதில்களில் பல டிரைவருக்குள்ளேயே எழுதி வைத்தவை. எதிரே இருக்கும் சர்வரைக் கேட்டுச் சொல்பவை அல்ல.

எஸ்க்யூலைட்டில் நிலைமை வேறு. அங்கே சர்வரே கிடையாது; உங்கள் புரோகிராமோடு இணைந்த லைப்ரரிதான் டேட்டாபேஸ். ஆண்ட்ராய்டில் அது போனுக்குப் போன் மாறும். ஜேசான் ஃபங்ஷன்கள் 3.38.0இலிருந்துதான் இயல்பாகவே உள்ளே வந்தன. அதற்கு முன் லைப்ரரியைக் கட்டியவர் அந்த ஆப்ஷனைப் போட்டிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எந்த ஆப்ஷன்களோடு கட்டப்பட்டது என்று கேட்க ஒரு பிராக்மா (எஸ்க்யூலைட்டின் செட்டிங் கட்டளை) இருக்கிறது. ஜாங்கோ அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எஸ்க்யூலைட்டில் ஒரு குட்டி ஜேசானைக் கொடுத்து ஃபங்ஷனை அழைத்துப் பார்க்கிறது; பிழை வந்தால் இல்லை, வராவிட்டால் உண்டு.

செய்தே பார்ப்பது

இதுதான் உண்மைக்கு மிக அருகில் போகும் வழி. சத்தமே போடாமல் தோற்கும் வசதிகளுக்கு வேறு வழியும் இல்லை. பிழை வீசும் வசதி எப்படியும் ஒரு நாள் லாகில் தெரிந்துவிடும். பிழை வீசாமல் தப்பான பதில் தருவதுதான் ஆபத்து.

மைஎஸ்க்யூஎல் 8.0.16க்கு முன்னால், டேபிளில் 'செக்' கட்டுப்பாடு எழுதினால் இலக்கணமாக ஏற்றுக்கொண்டு அப்படியே தூக்கிப் போட்டுவிடும். "விலை பூஜ்யத்துக்கு மேல்" என்று எழுதியிருப்பீர்கள், எதிர்ம விலை உள்ளே போகும், ஒரு எச்சரிக்கையும் வராது. டேபிள் உருவானதே என்று நம்பினால் தீர்ந்தது. மைஎஸ்க்யூஎல்லின் மைஐசாம் எஞ்சினில் ஃபாரின் கீக்கும் (ஒரு டேபிளின் வரி, இன்னொன்றில் உண்மையில் இருக்கும் வரியைத்தான் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கும்) இதே கதி.

எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா கொடுத்து இயக்க வேண்டும். தெரியாத பிராக்மாவைக் கொடுத்தால் எஸ்க்யூலைட் பிழை சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். அதனால் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் எல்லாம் சரி என்றே தோன்றும். செய்ய வேண்டியது: இயக்கியதும் மதிப்பைத் திரும்பப் படிப்பது. 1 வந்தால் சரி. 0 வந்தால் அணைந்திருக்கிறது. ஒரு வரியும் வராவிட்டால் அந்த லைப்ரரிக்கு ஃபாரின் கீயே தெரியாது.

மூன்றாவது நம் ஊர் விஷயம். யூனிகோடு எண் வரிசையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. அகரவரிசையில் அது மெய்களில் கடைசி. கொலேஷன் வேலை செய்யாத டேட்டாபேஸ் எண்படியே அடுக்கிவிடும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கட்டிய போஸ்ட்கிரெஸ் டாக்கர் இமேஜ்களில் 15க்கு முன் ஐசியூ (மொழிவாரி வரிசை விதிகள் உள்ள லைப்ரரி) கிடையாது. அந்த லினக்ஸின் சி லைப்ரரி எந்த லோகேல் பெயரைக் கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு எண்படி அடுக்கும். ஐசியூ கொலேஷனைக் குவெரியில் பெயர் சொல்லிக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று பிழையாவது வரும். டேட்டாபேஸின் இயல்பு வரிசையை நம்பியிருந்தால் அதுவும் வராது. "ன, ப-வை விடப் பெரியதா" என்று ஒரு செலக்ட் போட்டால் போதும். படிக்க மட்டும் செய்கிற, ஒரு நொடியும் பிடிக்காத சோதனை. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் காட்டும் எந்த அப்ளிகேஷனிலும் இது இருக்க வேண்டும் என்பேன்.

நான்காவது, அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர். டிரான்சாக்ஷன் மோடில் ஓடினால், அறிவிப்புகளுக்குக் காத்திருக்கச் சொல்லும் 'லிசன்' கட்டளை பிழையில்லாமல் போய்ச் சேரும். அறிவிப்பு மட்டும் உங்களுக்கு வராது. அந்தக் கட்டளை பதிவான சர்வர் இணைப்பு அடுத்த கணமே வேறு யாருக்கோ போய்விடுகிறது. கேட்டலாகில் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது. இன்னொரு இணைப்பிலிருந்து தனக்கே ஒரு நோட்டிஃபை (அறிவிப்பு) அனுப்பி, இரண்டு நொடிக்குள் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. சோதனையை நேரடி போர்ட்டில் ஓட்டிவிட்டு அப்ளிகேஷனை பவுன்சர் வழியாக ஓட்டினால் சோதித்ததற்கே பொருளில்லை. அதே பயனர், அதே முகவரி, அதே பூல்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் செய்தே பார்க்கலாமே என்றால், கூடாது. எழுதிப் பார்க்கும் சோதனைகளுக்கு விலை உண்டு. ஜாங்கோவின் பொதுக் குறியீட்டில் டிரான்சாக்ஷன் உண்டா என்று அறிய ஒரு டேபிள் உருவாக்கி, வரி சேர்த்து, ரோல்பேக் செய்து, எண்ணிப் பார்க்கும் பகுதி இருக்கிறது. டெஸ்ட் ஓட்டத்தில் அது நல்ல சோதனை. அதையே புரொடக்ஷனில் ஒவ்வொரு முறை எழும்போதும் செய்தால் என்ன ஆகும்? அப்ளிகேஷன் பயனருக்கு டேபிள் உருவாக்கும் அனுமதி தர வேண்டிவரும், இந்த ஒரு காரணத்துக்காக. அப்ளிகேஷனின் ஓடும் பிரதிகளான பாட்கள் இருபது ஒன்றாக எழுந்தால் ஒரே பெயரில் மோதும். ரெப்ளிகாவில் ஓடவே ஓடாது. போஸ்ட்கிரெஸில் டேபிள் உருவாக்குவதையும் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் கட்டளை தானே கமிட் ஆகிவிடும் என்பதால் நடுவில் புரோசஸ் செத்தால் குப்பை டேபிள் தங்கும்.

இடையில் ஒரு வழி இருக்கிறது, பலரும் யோசிக்காதது. முக்கியமான குவெரிகளை ஓட்டாமல், எக்ஸ்ப்ளெய்ன் (எப்படி ஓட்டப்போகிறது என்ற திட்டத்தைக் காட்டும் கட்டளை) மட்டும் போடுவது. இலக்கணம், ஃபங்ஷன், பத்தி, டைப் எல்லாம் அதிலேயே சரிபார்க்கப்படும். பிரிப்பேர் (குவெரியை முன்கூட்டியே தயார் செய்யும் கட்டளை) போட்டாலும் இவ்வளவும் தெரியும், ஆனால் டேபிள் அனுமதி தெரியாது. போஸ்ட்கிரெஸ் அதை ஓட்டம் தொடங்கும்போதுதான் பார்க்கிறது. எக்ஸ்ப்ளெய்ன் அந்தக் கட்டம் வரை போவதால் அனுமதி இல்லாவிட்டாலும் பிழை வரும். ஒரு வரியும் எழுதப்படாது. மெர்ஜ் போன்ற இலக்கண வசதிக்கும் வெர்ஷன் எண்ணைவிட இது நம்பகமானது. 'அனலைஸ்' என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் குவெரி உண்மையிலேயே ஓடிவிடும்.

எதை எங்கே வைப்பது

என் தேர்வு இது. எழுதிப் பார்க்கும் சோதனைகளும் எக்ஸ்டென்ஷன் உருவாக்குவதும் டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கட்டத்தில், அதற்கென இருக்கும் தனிப் பயனரோடு. போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து டிரைகிராம், பிஜிகிரிப்டோ போன்றவை நம்பகமானவை என்று குறிக்கப்பட்டிருப்பதால், டேட்டாபேஸில் உருவாக்கும் அனுமதி உள்ள பயனரே, சூப்பர்யூசர் இல்லாமல், அவற்றைப் போடலாம். அந்த அனுமதியை அப்ளிகேஷன் பயனருக்குக் கொடுக்காதீர்கள். தொடங்கும்போது ஓட வேண்டியது கேட்டலாக் குவெரி ஒன்று, சத்தமில்லாமல் தோற்கும் வசதிகளுக்குப் படிக்க மட்டும் செய்கிற சோதனைகள், தேவைப்பட்டால் நாலைந்து எக்ஸ்ப்ளெய்ன்.

மைக்ரேஷனில் ஒரு முறை பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். டேட்டாபேஸ் அதற்கப்புறமும் மாறும். பேக்கப்பிலிருந்து வேறு சர்வரில் மீட்பார்கள், அங்கே எக்ஸ்டென்ஷன் பேக்கேஜ் இருக்காது. யாரோ நடுவில் பவுன்சரைப் புகுத்துவார்கள். இந்த மாற்றங்கள் எதிலும் உங்கள் மைக்ரேஷன் ஓடாது. அப்ளிகேஷன் மட்டும் மறுபடி எழும்.

சோதனை தோற்றால்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில், "டேட்டாபேஸைத் தொட முடியவில்லை" என்பதையும் "தொட்டேன், வசதி இல்லை" என்பதையும் பிரியுங்கள். பிழைக் குறியீடு 08 என்று தொடங்கினால் இணைப்புச் சிக்கல், 53300 என்றால் இணைப்புகள் நிரம்பிவிட்டன. காத்திருந்து மறுபடி முயலலாம். 42883 என்றால் ஃபங்ஷன் இல்லை, 42501 என்றால் அனுமதி இல்லை; எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாது, நின்றுவிடுங்கள்.

நிற்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பாட்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், பழையவற்றைப் படிப்படியாக மாற்றும் ரோலிங் முறையில் டிப்ளாய் செய்யும்போது புதிய பாட் எழாவிட்டால் பழையவை தொடர்ந்து ஓடும். பயனருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதே சோதனை, டிப்ளாயே இல்லாத ஒரு ராத்திரியில் நோடு விழுந்து எல்லாப் பாட்களும் ஒன்றாக எழும்போதும் ஓடும். அப்போது டிரைகிராம் இல்லை என்பதற்காகப் பில் போடும் பக்கமும் சேர்ந்து நின்றால் அது நீங்களே வரவழைத்த விபத்து. மறுதொடக்க இடைவெளி வேறு 10 நொடியில் தொடங்கி இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை போகும்; டேட்டாபேஸைச் சரிசெய்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனவே நிற்க வைக்கும் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: இல்லாவிட்டால் தரவு கெடும் என்பவை, இல்லாவிட்டால் எதுவுமே ஓடாது என்பவை. ஃபாரின் கீ, செக் கட்டுப்பாடு, எழுதும் அனுமதி எல்லாம் இதில் வரும். டிரைகிராம் வராது, அது இல்லாவிட்டால் தேடலை மட்டும் நேரடிப் பொருத்தத்துக்கு இறக்கிக்கொண்டு, ஹெல்த் பக்கத்தில் தெரியும்படி எழுதுங்கள். அந்த மாற்று வழியை உண்மையிலேயே எழுதி, டெஸ்ட் செய்திருந்தால் மட்டும். தமிழ் வரிசை எந்தப் பக்கம்? வெறும் பட்டியலுக்கு என்றால் எச்சரிக்கை போதும். அதே வரிசையை வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்து, "கடைசியாகப் பார்த்த பெயருக்கு அடுத்தது" என்று எடுக்கிறீர்கள், அந்த ஒப்பீடு அப்ளிகேஷன் பக்கமும் நடக்கிறது என்றால், வரிகள் விடுபடும், நிறுத்துங்கள். பாட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனையில் இது எதையும் சேர்க்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் கொன்றால் எக்ஸ்டென்ஷன் முளைக்கப் போவதில்லை.

நிற்கும்போது எழுதும் செய்தியில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், என்ன குறை. கூடவே யார் என்ன செய்ய வேண்டும் என்பது. "தேவையான வசதி இல்லை" என்று மட்டும் எழுதினால் டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏ உங்களையே கூப்பிடுவார். "விற்பனை டேட்டாபேஸில் ஆப் பயனருக்கு ஆர்டர் டேபிளில் எழுத அனுமதி இல்லை, மைக்ரேஷன் பயனராக நுழைந்து அனுமதி கொடுக்கவும்" என்று இருந்தால் அவரே முடித்துவிடுவார். கடவுச்சொல் உள்ள இணைப்பு முகவரியை முழுசாக லாகில் கொட்டிவிடாதீர்கள்.